ஆகாயத்தில் ஒரு சுங்கச்சாவடி

ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் நெடுஞ்சாலை வழியாக வடக்கே செல்வோர், தண்டையார்ப்பேட்டையைத் தாண்டியதும் சுங்கச்சாவடி என்னும் இடத்தைக் கடக்கிறார்கள். வண்டிகளை மறித்து வரி வாங்கிய காலம் மலையேறிவிட்டது. பெயர் மட்டும் நிலைத்து நின்று, மெட்ரோ ரயில் நிலையம் ஒன்றுக்கும் சூட்டப்பட்டிருக்கிறது. ஆனால் அதே இடத்துக்கு நேர் மேலே வேறொரு சுங்கச்சாவடி இரவு பகலாக வேலை செய்துகொண்டிருப்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அதற்குக் கதவு இல்லை, சேவகன் இல்லை, விடுமுறையும் கிடையாது. பூமியிலிருந்தும் கடலிலிருந்தும் மேலே கிளம்புகிற உஷ்ணக் கிரணங்களை அது வழிமறித்து, ஒரு பங்கைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு, மிச்சத்தையே மேலே போக விடுகிறது. அந்தச் சாவடிக்குத்தான் காற்று மண்டலம் என்று பெயர்.

வாங்குகிற சுங்கம் எவ்வளவு? யாரிடம் எந்த விகிதத்தில் வாங்குகிறது? இது ஏதோ பண்டிதர்கள் பொழுதுபோக்குக்காகக் கேட்டுக்கொண்ட கேள்வி என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். ராயபுரத்து மக்கள் கோடை இரவில் தூங்குவதும், காசிமேட்டு மீனவர்களின் வலையில் மீன் விழுவதும், எண்ணூர்வாசிகள் நிம்மதியாய் மூச்சு விடுவதும் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடையோடு சம்பந்தப்பட்டவை. அந்த விடையைப் பெறுவதற்கு மனிதர் செய்த கருவிகளின் கதையும், அவற்றை நம் நாட்டிலேயே செய்ய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த ஒரு பெண்மணியின் கதையும் சேர்ந்ததே இந்தக் கட்டுரை.

கண்ணுக்குப் படாத வெளிச்சம்

1800-ஆம் வருஷத்தில் இங்கிலாந்தில் வசித்த வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானசாஸ்திரி, சூரிய வெளிச்சத்தை முப்பட்டைக் கண்ணாடியின் வழியே விட்டு, வானவில்லைப் போல் விரிந்த நிறங்கள் ஒவ்வொன்றிலும் உஷ்ணமானியை வைத்துப் பார்த்தார். ஊதாவில் உஷ்ணம் குறைவு, சிவப்பில் அதிகம். சிவப்பைத் தாண்டி, கண்ணுக்கு எதுவுமே தெரியாத இடத்தில் வைத்தபோது உஷ்ணமானி இன்னும் மேலே ஏறிற்று! வெளிச்சம் இல்லாத இடத்தில் வெளிச்சத்தின் வேலை நடப்பதைக் கண்டு அவர் வியப்படைந்தார். சிவப்புக்கு அப்பாலுள்ள அந்தக் கிரணங்களைத்தான் இன்று அகச்சிவப்புக் கிரணங்கள் என்கிறோம்.

இவை சூரியனுக்கு மட்டும் உரியவை அல்ல. உஷ்ணமுள்ள வஸ்து ஒவ்வொன்றும் இவற்றை வீசிக்கொண்டே இருக்கிறது. அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல்லின் அருகே கையை நீட்டினால், தொடாமலே சூடு தெரிகிறதல்லவா? அந்தச் சூட்டில் பெரும் பகுதி அகச்சிவப்புக் கிரணமே. நம் உடம்பும், வீட்டுச் சுவரும், தார் ரோடும், வங்கக் கடலும் இவ்வாறே வீசுகின்றன. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்குக்கு மைக்ரான் என்று பெயர். கண்ணுக்குத் தெரியும் சிவப்பு வெளிச்சத்தின் அலை நீளம் சுமார் 0.7 மைக்ரானோடு முடிந்துவிடுகிறது. முப்பது டிகிரி சூட்டிலுள்ள நிலமோ 9, 10 மைக்ரான் அலை நீளத்தை ஒட்டித்தான் மிகுதியாக வீசுகிறது.

காற்று கண்ணுக்குத் தெளிவாய்த் தோன்றுவதால், இக்கிரணங்களுக்கும் அது தெளிவானதே என்று நினைப்பது இயற்கை. ஆனால் அது உண்மையன்று. காற்றில் ஐந்தில் நான்கு பங்காக இருக்கும் நைட்ரஜனும், எஞ்சியதில் பெரும் பகுதியான ஆக்ஸிஜனும் இக்கிரணங்களை ஏறக்குறைய ஒன்றுமே செய்வதில்லை. மிகச் சிறிய அளவில் கலந்திருக்கும் நீராவியும் கரியமில வாயுவும் ஓஸோனுமே சுங்க அதிகாரிகள். நீராவி 6 மைக்ரானை ஒட்டிய கிரணங்களை அநேகமாய் முழுவதுமே விழுங்கிவிடும். கரியமில வாயு 15 மைக்ரானில் கதவைச் சாத்துகிறது. இடையே 8 முதல் 14 மைக்ரான் வரை ஒரு ஜன்னல் பெரும்பாலும் திறந்திருக்கிறது. அந்த ஜன்னலிலும் 9.6 மைக்ரானில் ஓஸோன் ஒரு கம்பியைப் போட்டு வைத்திருக்கிறது!

ராயபுரத்துக் கோடை இரவு

ராஜஸ்தான் பாலைவனத்தில் பகலில் நெருப்பாய்க் கொளுத்தினாலும் இரவில் போர்வை தேட வேண்டியிருக்கும். ராயபுரத்திலோ அக்கினி நட்சத்திரத்தின்போது நள்ளிரவில்கூட விசிறியைக் கீழே வைக்க முடிவதில்லை. இதற்குக் கடலின் சூடு மெதுவாய்க் குறைவது ஒரு காரணம். மற்றொரு காரணம், கடற்கரைக் காற்றில் நிறைந்திருக்கும் நீராவி. பாலைவனத்தில் உலர்ந்த காற்று சுங்கம் அதிகம் வாங்காமல் நிலத்தின் உஷ்ணத்தை வானவெளிக்குப் போக விட்டுவிடுகிறது. நம் கரையிலோ நீராவி அதைப் பிடித்து வைத்து, ஒரு பங்கை மறுபடியும் நம் தலை மேலேயே திருப்பி அனுப்புகிறது.

இதே காரணத்தால்தான் நிலக்கரி எரிக்கும் புகைபோக்கிகளிலிருந்து கிளம்பும் கரியமில வாயு உலகம் முழுவதற்கும் கவலையாகியிருக்கிறது. புகை கலைந்து கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. வாயு மறைவதில்லை, சாவடியில் இன்னொரு அதிகாரியாய் உட்கார்ந்துகொள்கிறது.

அளக்கப் புகுந்தவர்கள்

"காற்று உஷ்ணக் கிரணத்தை விழுங்குகிறது" என்று சொல்லிவிடுவது எளிது. எவ்வளவு விழுங்குகிறது என்று காட்டுவதுதான் கடினம். ஏனெனில், அளக்கும் கருவியும் உஷ்ணமுள்ள வஸ்துவே. அதுவும் கிரணத்தை வீசுகிறது. அறையின் சுவரும், பக்கத்தில் நிற்பவரின் முகமும் வீசுகின்றன. கல்யாண வீட்டு மேளச் சத்தத்துக்கு நடுவில் கொசுவின் ரீங்காரத்தைக் கேட்க முயல்வது போன்ற காரியம் அது.

1859-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஜான் டிண்டால் என்னும் அயர்லாந்துக்காரர் இதற்கு ஓர் உபாயம் கண்டார். உட்புறம் மெருகேற்றிய நீண்ட பித்தளைக் குழாய் ஒன்றின் இரு முனைகளையும் மூடி, அதனுள் சோதிக்க வேண்டிய வாயுவை அடைத்தார். மூடுவதற்குக் கண்ணாடி உதவாது. வெளிச்சத்தை விடும் கண்ணாடி, நீண்ட அலையுள்ள உஷ்ணக் கிரணத்தை மறித்துவிடும். ஆகவே பாறை உப்பைத் தகடாக அறுத்துப் பொருத்தினார். ஒரு பக்கம் கொதிநீர்ப் பாத்திரம்; மறுபக்கம் உஷ்ணத்தை மின்சாரமாக மாற்றும் தெர்மோபைல். இதற்கு மேல்தான் அவருடைய சாமர்த்தியம். தெர்மோபைலின் பின்புறத்திலும் இன்னொரு கொதிநீர்ப் பாத்திரத்தை வைத்து, இரு பக்கத்துச் சூட்டையும் தராசுத் தட்டுகளைப் போல் சமன் செய்தார். முள் நடுவில் நின்றது. பிறகு குழாய்க்குள் வாயுவைச் செலுத்தினார். வாயு சிறிது கிரணத்தை விழுங்கினாலும் சமநிலை கெட்டு முள் நகர்ந்தது. மொத்தத்தை அளக்காமல் வித்தியாசத்தை மட்டும் அளப்பது என்ற அந்தத் தந்திரம் இன்றைய கருவிகள் வரையில் தொடர்ந்து வருகிறது.

அமெரிக்காவில் ஸாமுவேல் லாங்லி என்பவர் 1880-ஐ ஒட்டிய வருஷங்களில் பொலோமீட்டர் என்ற கருவியைச் செய்தார். கருப்புப் பூசிய மெல்லிய பிளாட்டினத் தகட்டில் கிரணம் விழுந்தால் தகடு சிறிது சூடாகும். அதன் மின் தடை மாறும். அந்த மாறுதலை அளந்தால் கிரணத்தின் பலம் தெரியும். 1881-இல் அவர் அதைக் கலிபோர்னியாவிலுள்ள விட்னி மலைக்கு எடுத்துச் சென்று, காற்று எவ்வளவு வெளிச்சத்தையும் உஷ்ணத்தையும் வழியில் பிடித்துக்கொள்கிறது என்று சோதித்தார்.

இந்தக் கருவிகளெல்லாம் குளிர்ந்த நாடுகளில் பிறந்தவை. உப்புத் தகட்டை எண்ணூர்க் கடற்கரையில் வைத்தால் என்ன ஆகும்? மழைக்காலத்தில் உப்பு ஜாடியைத் திறந்து பார்த்த இல்லத்தரசிகளைக் கேட்டால் சொல்வார்கள். ஈரக் காற்றில் அது வியர்த்து, மங்கி, கரையத் தொடங்கிவிடும். நம் ஆகாயத்தை அளக்க, நம் ஆகாயத்துக்குத் தாங்கும் கருவிகளே வேண்டும்.

வைரத்தோடு வேண்டாத சிறுமி

திருவிதாங்கூர் சமஸ்தானத்துப் பீர்மேட்டில் 1918-ஆம் வருஷம் ஆகஸ்டு 23-ஆம் தேதி பிறந்தவர் அன்னா மணி. வசதியான குடும்பம். எட்டாவது பிறந்த நாளுக்குப் பெண் குழந்தைக்கு வைரத்தோடு அளிப்பது அவர்கள் வழக்கம். சிறுமி அன்னாவோ, தோடு வேண்டாம், கலைக்களஞ்சியப் புத்தகங்கள் வேண்டும் என்றாள். அதற்கு முந்திய வருஷத்தில், 1925-இல், வைக்கம் சத்தியாக்கிரகத்தின்போது மகாத்மா காந்தி அங்கே வந்திருந்தார். அது முதல் கதர் அணிவது என்று அன்னா தீர்மானித்துக்கொண்டார்.

சென்னை ராஜதானிக் கல்லூரியில் பௌதிக சாஸ்திரம் கற்று, 1939-இல் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். பிறகு பெங்களூரில் ஸர் சி. வி. ராமனின் ஆராய்ச்சிச்சாலையில் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை என்ன தெரியுமா? வைரங்களை ஆராய்வது! காதில் வேண்டாம் என்று மறுத்த வைரம் கருவியின் முன் வந்து நின்றது. முப்பதுக்கு மேற்பட்ட வைரங்களில் எந்த வெளிச்சம் புகுந்து வெளிவருகிறது, எது உள்ளேயே நின்றுவிடுகிறது என்று அவர் பதிவு செய்தார். சில படங்களுக்குப் பதினைந்து, இருபது மணி நேரம் ஒளி காட்ட வேண்டியிருந்ததால், ஆராய்ச்சிச்சாலையிலேயே உறங்கிய இரவுகளும் உண்டு. பின்னாளில் ஆகாயத்தைப் பற்றி அவர் கேட்ட கேள்வியும் இதேதான். வைரம் இருந்த இடத்தில் காற்று வந்தது, அவ்வளவே வேற்றுமை.

1945-இல் அவர் தம் ஆராய்ச்சி நூலைச் சமர்ப்பித்தார். எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்ற காரணத்தைச் சொல்லிச் சென்னைச் சர்வகலாசாலை டாக்டர் பட்டத்தை மறுத்துவிட்டது. அவர் அதற்காக மூலையில் உட்காரவில்லை. அதே வருஷத்தில் அரசாங்க உபகாரச் சம்பளத்துடன் போர்க் கப்பலில் லண்டனுக்குச் சென்றார். பௌதிகம் மேலும் படிக்க விரும்பினார். அங்கே கிடைத்த பயிற்சியோ வானிலைக் கருவிகளைப் பற்றியது. கிடைத்ததைத் தம் வாழ்க்கைப் பணியாக்கிக்கொண்டார்.

புனாவில் ஒரு பட்டறை

1948-இல் அவர் சுதந்திர இந்தியாவுக்குத் திரும்பி, புனாவில் வானிலை இலாகாவின் கருவிப் பிரிவில் சேர்ந்தார். அதுகாறும் உஷ்ணமானி போன்ற சாதாரணச் சாதனங்களுக்குக்கூட நம் நாடு அந்நியரை எதிர்பார்த்திருந்தது. அங்கே எஸ். பி. வெங்கடேசுவரன் என்ற அதிகாரி கருவிகளை உள்நாட்டில் செய்யும் முயற்சியைத் தொடங்கியிருந்தார். அன்னா மணி அம்மையார் அந்தப் பணியில் இணைந்து, சில வருஷங்களில் அப்பிரிவின் தலைமையை ஏற்றார். அவருடைய பொறுப்பின் கீழ் அப்போது 121 ஆண்கள் வேலை செய்தார்கள்! ஏறக்குறைய நூறு வகைக் கருவிகளுக்கு அளவு பிசகாத வரைபடங்களைத் தயாரித்து, பட்டறைகளில் அவற்றைச் செய்ய ஏற்பாடு செய்தார்.

பிழையான அளவைக் கையில் வைத்திருப்பதைக் காட்டிலும் அளவே இல்லாமல் இருப்பது மேல் என்பது அம்மையாரின் திடமான கொள்கை. கருவி செய்து முடிந்ததும் வேலை முடிந்துவிட்டதாக அவர் கருதுவதில்லை. ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்து, நிர்ணயக் கருவியோடு சரிபார்த்து, எல்லாம் ஒரே அளவைச் சொல்கின்றன என்று உறுதியான பிறகே வெளியே அனுப்புவார். 1957-58-இல் உலக நாடுகள் சேர்ந்து நடத்திய சர்வதேச பூபௌதிக ஆண்டின்போது, இந்தியாவில் சூரிய கிரணத்தை அளக்கும் நிலையங்களை வரிசையாக நிறுவினார். முதலில் வெளிநாட்டிலிருந்து வாங்கிய விலையுயர்ந்த கருவிகள். பிறகு நம் பட்டறைகளிலேயே பிறந்த கருவிகள்.

சூரியனிலிருந்து கீழே வருவதை அளந்தாகிவிட்டது. பூமியிலிருந்து மேலே போவதை எப்படி அளப்பது? இதற்குக் கருவியைச் சாவடிக்குள்ளேயே அனுப்ப வேண்டும். பலூனில் கட்டி அனுப்பும் ரேடியோமீட்டர் ஸோண்டு என்பது அத்தகைய கருவி. கருப்புப் பூசிய தகடுகள் இரண்டு. ஒன்று வானத்தைப் பார்க்கும், மற்றொன்று பூமியைப் பார்க்கும். காற்றின் அலைப்பு படாதபடி, உஷ்ணக் கிரணத்தை உள்ளே விடும் மெல்லிய பாலித்தீன் தாளால் மூடியிருப்பார்கள். சூரியன் குறுக்கிடாமல் இருக்க இரவில்தான் பறக்கவிடுவார்கள். பலூன் ஏற ஏற, மேலிருந்து எவ்வளவு வருகிறது, கீழிருந்து எவ்வளவு போகிறது என்பதை வானொலி மூலம் கருவியே தெரிவித்துக்கொண்டு போகும். இந்தியாவின் மேல் ஆகாயத்தில் இவ்வாறு அளந்த விவரங்களை அம்மையாரும் சகாக்களும் 1965-இல் வெளியிட்டார்கள். ஓஸோனை அளக்கும் பலூன் கருவியையும் அவர் குழுவினர் உள்நாட்டிலேயே ஆக்கினார்கள்.

1976-இல் வானிலை இலாகாவின் துணை டைரக்டர் ஜெனரலாக ஓய்வு பெற்ற பின்பும் அவர் ஓயவில்லை. இந்தியாவில் எங்கே எவ்வளவு வெயில் விழுகிறது என்று தொகுத்த நூல் 1980-இல் வந்தது. காற்று எங்கே பலமாக வீசுகிறது என்ற கணக்கெடுப்பும் அவருடையது. 2001-ஆம் வருஷம் ஆகஸ்டு 16-ஆம் தேதி திருவனந்தபுரத்தில் காலமானார். மறுக்கப்பட்ட டாக்டர் பட்டம் கடைசி வரை வரவில்லை. அது இல்லாமையால் அவர் கருவி எதுவும் பிழையாய்க் காட்டியதுமில்லை.

காசிமேட்டுக்கு என்ன லாபம்?

எண்ணூருக்கு வடக்கே, பழவேற்காட்டு ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டா. அங்கிருந்து 2024-ஆம் வருஷம் பிப்ரவரி 17-ஆம் தேதி இன்ஸாட்-3டிஎஸ் என்னும் வானிலைச் செயற்கைக்கோள் கிளம்பிற்று. சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அது கடலைப் பார்ப்பது பெரும்பாலும் அகச்சிவப்புக் கண்ணால்தான். அதனால்தான் நள்ளிரவிலும் வங்கக் கடலில் சுழலும் புயலை நாம் படத்தில் காண முடிகிறது. கடலின் மேற்பரப்பு எங்கே எவ்வளவு சூடு என்பதையும் இத்தகைய கண்களால் கணிக்கலாம். சூடான நீரும் குளிர்ந்த நீரும் சந்திக்கும் இடங்களில் மீன்கள் கூடுவது வழக்கம். செயற்கைக்கோள்கள் தரும் கடல் உஷ்ண விவரங்களையும், கடல் நீரின் நிறத்தையும் கொண்டு, ஹைதராபாத்திலுள்ள கடல் தகவல் நிலையத்தார் மீன் கிடைக்கக்கூடிய பகுதிகளை மீனவர்களுக்கு அறிவிக்கிறார்கள்.

ஆனால் இடையில் நம் சுங்கச்சாவடி இருக்கிறதே! கடலிலிருந்து கிளம்பிய கிரணத்தில் ஒரு பங்கை நீராவி எடுத்துக்கொள்வதால், கடல் உள்ளதை விடச் சில டிகிரி குளிர்ந்ததாகத் தோன்றும். இதைத் திருத்தும் கணக்கு ரசமானது. 11 மைக்ரானிலும் 12 மைக்ரானிலும் தனித்தனியே பார்க்கிறார்கள். இரண்டாவதில் நீராவி வாங்கும் சுங்கம் அதிகம். விளங்குவதற்காக, அது சரியாய் இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்வோம். முதலாவது 26 டிகிரி என்றும், இரண்டாவது 23 டிகிரி என்றும் காட்டினால், வித்தியாசம் 3. அதுவே முதல் கிரணம் கட்டிய சுங்கம். ஆகவே கடலின் உண்மையான சூடு 26-உடன் 3 சேர்ந்து 29. வீட்டுக் குழந்தைகள்கூடப் போட்டுவிடக்கூடிய கணக்கு!

ஆயினும் அந்த "இரண்டு மடங்கு" என்ற விகிதம் எங்கிருந்து வருகிறது? நம்மைப் போல் வைத்துக்கொண்டால் போதாது. நிஜ ஆகாயத்தில் அது ஈரத்துக்கு ஈரம், பருவத்துக்குப் பருவம் மாறும். ஆராய்ச்சிச்சாலைக் குழாயிலும், பலூனிலும், கடலில் மிதக்கும் கருவியிலும் யாரோ பொறுமையாக அளந்து வைத்த எண்களே அதற்கு ஆதாரம். விகிதம் பிசகினால் வானத்திலுள்ள விலையுயர்ந்த கண்ணும் தவறாகவே பார்க்கும். டீசலைச் செலவழித்துப் படகு ஓட்டிப் போனவர் வெறும் வலையோடு திரும்புவார்.

எண்ணூர் கேட்கும் கேள்வி

2023-ஆம் வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதி நள்ளிரவில், எண்ணூரை அடுத்த பெரியகுப்பத்தில் மக்கள் கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் விழித்துக்கொண்டார்கள். கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயிலிருந்து வாயு கசிந்திருந்தது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, முதியோரைக் கைத்தாங்கலாய் அழைத்துக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அந்த இரவில் அவர்களுக்கு அபாயத்தை அறிவித்த கருவி எது? அவர்களுடைய மூக்கே!

அமோனியாவும் ஒரு சுங்க அதிகாரிதான். 10 முதல் 11 மைக்ரான் வரையுள்ள கிரணங்களை அது பலமாய் விழுங்குகிறது. நீராவி திறந்து வைத்திருக்கும் ஜன்னலுக்குள்ளேயே இது அமைந்திருப்பது நம் அதிர்ஷ்டம். ஒரு கம்பத்திலிருந்து அகச்சிவப்புக் கிரணத்தை அனுப்பி, நூறு மீட்டருக்கு மேற்பட்ட தூரத்தில் மற்றொரு கம்பத்தில் வாங்கிக்கொள்ளலாம். அமோனியா விழுங்கும் அலையையும், அது தொடாத அலையையும் மாறி மாறி ஒப்பிட்டால், இடையே அந்த வாயு நுழைந்தவுடன் கருவி சொல்லிவிடும். டிண்டாலின் தராசுத் தந்திரமேதான் இது. தூசியும் பனியும் இரண்டு அலைகளையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே மங்கச் செய்வதால், விகிதம் அதிகம் ஏமாறுவதில்லை. இத்தகைய கருவிகள் உலகில் பல எண்ணெய் ஆலைகளிலும் ரசாயனத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்கின்றன.

ஆனால் வாங்கி நட்டுவிட்டால் தீர்ந்துவிடுமா? எண்ணூரின் உப்புக் காற்று கருவியின் ஜன்னலில் படியும், கரித்தூள் மூடும், வெயில் கம்பத்தை வளைத்துக் கிரணத்தின் குறியைச் சற்றே விலக்கும். நாள்தோறும் துடைத்து, மாதந்தோறும் சரிபார்க்கப் பொறுப்பான ஆள் வேண்டும். இல்லையேல், அபாயமில்லை என்று அது காட்டிக்கொண்டே இருக்கும். ஜனங்களும் நம்பித் தூங்குவார்கள். பிழையான அளவு அளவின்மையினும் கெட்டது என்று அன்னா மணி அம்மையார் வற்புறுத்திய உண்மைக்கு இதைவிடக் கண்கூடான உதாரணம் வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. கருவி சொல்லும் எண் ஆலையின் அறைக்குள்ளேயே அடைந்து கிடக்கலாகாது. குப்பத்துத் தெருமுனையில், எழுதப் படிக்கத் தெரிந்த சிறுவன் பார்த்து வீட்டில் சொல்லும்படி, தமிழில் தெரிய வேண்டும். சாலைச் சுங்கச்சாவடியில் பணம் கொடுத்தவர் ரசீது கேட்பது நியாயமல்லவா? வடசென்னையின் காற்றைச் சுவாசித்து வாழ்கிறவர்கள் தங்கள் மூச்சில் கழிக்கப்படும் சுங்கத்துக்கு ரசீது கேட்பதும் அவ்வளவே நியாயமானது.